பின்ன வளையாத பூண்டு

லோத்ரெக், தெற்கு பிரான்ஸ்,
ஜூலை 20

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னது ராத்திரி முழுக்க மனதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. "வடக்கே லீல் நகரத்தில் ஒரு கடையில் சடை மாதிரி பின்னிய இளஞ்சிவப்புப் பூண்டு வாங்கினேன், நம்ம ஊர்ப் பூண்டும்மா" என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! அது நம் ஊர்ப் பூண்டு இல்லை, கண்ணு. லோத்ரெக் பூண்டின் தண்டு குச்சி போல விறைப்பாக இருக்கும், பின்ன வளையாது. அதனால்தான் கொத்தாகச் சேர்த்து 'மனூய்' கட்டுகிறோம். எட்டு வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நீயே கட்டியிருக்கிறாயே, மறந்துவிட்டதா?

தண்டு அப்படி இருப்பதற்குக் காரணம், இது பூவிடும் ரகம். ஜூனில் பூந்தண்டு எழும்பியதும் செடி செடியாகப் போய்க் கையால் ஒடித்துவிட வேண்டும். விட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போய்விடும், பூண்டு பருக்காது. இந்த வருஷமும் நானும் அப்பாவும்தான் ஒடித்தோம். அவருக்கு இடுப்புவலி. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. இப்போது அறுவடை முடிந்து, பூண்டெல்லாம் கொட்டகையில் தலைகீழாகத் தொங்குகிறது. பதினைந்து நாளாவது காய வேண்டும். உள்ளே நுழைந்தாலே உன் சின்ன வயது வாசனை.

இடைக்காலத்தில் ஒரு வியாபாரி, சாப்பாட்டுக்குக் காசில்லாமல் இந்தப் பூண்டைக் கொடுத்துவிட்டுப் போனான், சத்திரக்காரர் அதை நட்டார் என்று பாட்டி சொல்வாரே, அது கதைதான். ஆனால் 1966-இல் லேபல் ரூஜ் தரமுத்திரையும் 1996-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடும் கிடைத்தது கதை இல்லை. அதற்குப் பின்னால் ஊர்க்காரர்களின் உழைப்பு இருக்கிறது.

பூண்டை நம்பி வாழ்வதற்கு முன்னால் இந்த ஊருக்குப் பணம் வந்தது பாஸ்தெல் செடியால். இலையை அரைத்து உருண்டை பிடித்துக் காயவைப்பார்கள், அதிலிருந்து நீலச் சாயம் கிடைக்கும். பதினாறாம் நூற்றாண்டில் மதச் சண்டைகள் வந்தன. கூடவே இந்தியாவிலிருந்து அவுரி நீலமும் கப்பலில் வந்து இறங்கியது. அத்தோடு அந்த வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு பயிர் போனால் ஊர் எப்படித் தவிக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. அதனால்தான் நீ பூண்டை அடையாளம் மறந்தது இத்தனை வலித்தது. கோபம் இல்லை, கண்ணு.

நேற்று சாயங்காலம் சலேத் குன்றுக்கு ஏறிப்போனேன். 1688-இல் கட்டிய அந்தக் காற்றாலை இருக்கிறதே, அதன் நிழலில் உட்கார்ந்து நம் வயலைத் தேடினேன். கண்டுபிடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை பூண்டுத் திருவிழா. லீவு கிடைத்தால் வா. சேமியா போட்டு, கடுகு சேர்த்த மயோனைஸ் கலந்த பூண்டு சூப் பெரிய பெரிய அண்டாக்களில் கொதிக்கும். உனக்கு ஒரு கிண்ணம் போதாது, எனக்குத் தெரியும்.

வர முடியாவிட்டால், பூண்டு காய்ந்ததும் ஒரு மனூய் பார்சலில் அனுப்புகிறேன். ஃபிரிட்ஜில் வைக்காதே. சமையலறையில் காற்றோட்டமாகத் தொங்கவிடு.

அன்புடன்,
அம்மா