விசா தேவையில்லை என்பதன் பொருள்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குத் தொலைபேசியில் பேசியபோது, அடுத்த மாதம் நீ உன்னவரைப் பார்க்க மூன்றாம் முறையாக மான்செஸ்டருக்குப் புறப்படுகிறாய் என்றும், இம்முறை ஐந்து மாதம் தங்க வேண்டியிருப்பதால் வேலையை விட்டுவிட நினைக்கிறாய் என்றும் சித்தி சொன்னார். "நம் மலேசியக் கடப்பிதழுக்குத்தான் (பாஸ்போர்ட்டுக்குத்தான்) பிரிட்டனில் விசா தேவையில்லையே, ஆறு மாதம் வரைக்கும் இருக்கலாமாம்" என்று அவர் சொன்னபோது, அது நீ அவருக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியம் என்று எனக்குப் புரிந்தது. ஏனென்றால் 2023-இல் நான் ஈப்போவில் என் அம்மாவிடம் சொன்ன வாக்கியமும் அதுவேதான். உன்னைப் போலப் பலர் இந்தப் பாதையில் இருக்கிறார்கள் என்பதால், உன் சம்மதம் கேட்ட பிறகு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உன்னைப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கோலாலம்பூரிலிருந்து பதினான்கு மணி நேரம் பறந்து, வருகை வாசலில் தெரிந்த ஒரு முகத்தைத் தேடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டுப் போகாதே என்றுதான் சொல்கிறேன். அதற்கான காரணத்தை என் கதையிலிருந்தே சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

நான் முதன்முதலில் 2022 செப்டம்பரில் என் காதலரைப் பார்க்க லண்டனுக்குப் பதினாறு நாள் போனேன். அலுவலகத்தில் ஆண்டு விடுப்பு அவ்வளவுதான் இருந்தது. அடுத்து 2023 பிப்ரவரியில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துப் பத்து வாரம் இருந்தேன். திரும்பி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வேலையை விட்டுவிட்டு ஜூன் தொடக்கத்தில் மறுபடியும் போய் ஐந்து மாதம் தங்கினேன். நவம்பரில் ஈப்போவுக்கு வந்தேன். ஐந்தே வாரத்தில், டிசம்பர் நடுவில், நான்காம் முறையாக விமானம் ஏறினேன். எந்த முறையும் ஆறு மாதத்தைத் தாண்டவில்லை. ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தங்கவில்லை. அதனால் சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறேன் என்று உறுதியாக நம்பியிருந்தேன்.

நம் கடப்பிதழை வைத்துக்கொண்டு அங்கே தானியங்கி வாயில் வழியாகப் போக முடியாது என்பது உனக்குத் தெரியும். சிங்கப்பூர்க்காரர்கள் 2019-இலிருந்து அப்படிப் போகிறார்கள். நாம் ஒவ்வொரு முறையும் ஓர் அதிகாரியின் முன்னால் போய் நின்றாக வேண்டும். அந்த நான்காம் பயணத்தில் என் கடப்பிதழை வாங்கிய அதிகாரி முத்திரைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஒரு தாளில் தேதிகளை எழுதிக் கூட்டினார். பிறகு, "இந்தப் பன்னிரண்டு மாதத்தில் உங்கள் சொந்த வீட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள்?" என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. அவரே கணக்கைச் சொன்னார்: அங்கே ஏறத்தாழ 220 நாள், மீதிதான் மலேசியாவில்.

ஒரு தாளைக் கையில் கொடுத்து, மேல் விசாரணை முடியும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். பெட்டியைத் திறந்தார்கள். அதில் இருந்தவற்றை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். நான்கு கிலோ மிளகாய்த்தூளும் மல்லித்தூளும், ஓர் இடியாப்ப அச்சு, ஆறு மாதத்துக்கான தைராய்டு மாத்திரை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நீல நிறக் கோப்பு. அந்தக் கோப்பில் என் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழும் பட்டச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் அசலாகவே இருந்தன. எதற்காகவாவது தேவைப்படலாம் என்று புறப்படும் அன்று காலையில்தான் எடுத்து வைத்தேன். மூன்று வாரம் பார்த்துவிட்டுப் போக வந்தவள் எஸ்.பி.எம். சான்றிதழை ஏன் கொண்டு வர வேண்டும் என்று அந்த அதிகாரி கேட்டபோது, அவர் குரலில் கடுமையே இல்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. நான் அங்கே வாழத் தொடங்கிவிட்டேன். அதை நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

வருகை வாசலில் காத்திருந்த என் காதலரையும் தொலைபேசியில் அழைத்துத் தனியாக விசாரித்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஏழு வயதில் லண்டனுக்கு வந்து, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர் அவர். நான் கடப்பிதழ் என்று சொல்வதை அவர் கடவுச்சீட்டு என்பார். அந்த ஒரு சொல்லை வைத்து நாங்கள் எத்தனையோ முறை விளையாட்டாகச் சண்டை போட்டிருக்கிறோம். இருவரும் ஒரே பதிலைச் சொன்னோம் என்பதால்தான், மூன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு என்னை உள்ளே விட்டார்கள். காதலரைப் பார்க்க வந்தேன் என்று முதல் கேள்வியிலேயே சொல்லியிருந்தேன். "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று சொல்லச் சொன்ன தோழியின் பேச்சை அன்று கேட்டிருந்தால், அதே மாலை திரும்பும் விமானத்தில் உட்கார்ந்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. துணையைப் பார்க்கப் போவது குற்றமல்ல. பார்வையாளர் விதிகளின்படி அது முழுக்க முழுக்க ஏற்கத்தக்க காரணம். அதை மறைப்பதுதான் ஆபத்து.

இனி விதியைச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றித் தவறான செய்திகள்தான் அதிகம் சுற்றுகின்றன. பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வரை இருக்கலாம், அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று உனக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். பிரிட்டன் விதியில் அப்படி ஒரு கணக்கு கிடையாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில்தான், எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கறாரான எண் உண்டு. அந்த நினைப்பைப் பலரும் பிரிட்டனுக்கும் கொண்டு வந்துவிடுகிறார்கள். பிரிட்டனில் ஒரு பயணத்துக்கு ஆறு மாதம் என்பது மேல் வரம்பு மட்டுமே. அதோடு, பார்வையாளர் அடிக்கடி அல்லது அடுத்தடுத்து வருவதன் மூலம் நீண்ட காலம் அங்கேயே வாழக் கூடாது, அந்த நாட்டைத் தம் முதன்மை இல்லமாக்கிக்கொள்ளவும் கூடாது என்று விதி சொல்கிறது. அப்படி நடக்கிறதா என்பதை முடிவு செய்வது எண்ணல்ல, அதிகாரி. எத்தனை முறை வந்தாய், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நாள் இருந்தாய், இடையில் எவ்வளவு காலம் வெளியே இருந்தாய், உன் வேலையும் வீடும் குடும்பமும் எங்கே இருக்கின்றன என்பதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பார். இந்தத் தராசில் உன் பக்கம் இருக்கும் மிகக் கனமான பொருள் உன் வேலை. நீ அதைத்தான் முதலில் எடுத்துப் போடப் பார்க்கிறாய்.

மின்னணுப் பயண அனுமதி கையில் இருக்கிறதே என்று நினைக்காதே. 2025 ஜனவரி 8 முதல் நம்மைப் போன்றவர்களுக்கு அது கட்டாயமானது. அந்த பிப்ரவரியில் நான் 10 பவுண்டுக்கு வாங்கினேன்; ஏப்ரல் 9-இல் அது 16 பவுண்டாக உயர்ந்தது. இரண்டு ஆண்டுக்கோ, கடப்பிதழ் காலாவதியாகும் வரைக்கோ, எது முந்தியோ அதுவரை செல்லும். ஆனால் அது விமானம் ஏறுவதற்கான அனுமதிதான். உள்ளே விடுவதும் விடாததும் அங்கே நிற்கும் அதிகாரியின் முடிவு.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். நான்கு மாதம் ஆனதும் இரண்டு நாள் பாரிசுக்குப் போய்விட்டு வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று உன்னவரின் நண்பர் சொன்னாராம். யூரோஸ்டார் ரயிலில் திரும்பும்போது பிரிட்டன் சோதனை லண்டனில் நடப்பதில்லை. பாரிசில், ரயில் ஏறும் முன்பே முடிந்துவிடும். அங்கே அனுமதி மறுத்தால், துணிமணி எல்லாம் மான்செஸ்டரில் கிடக்க, கையில் ஒரு சிறு பையோடு நீ பாரிஸ் ரயில் நிலையத்தில் நிற்பாய். ஒருமுறை மறுக்கப்பட்டால், பின்னாளில் நீ போடும் ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் அதைச் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாமா என்று யோசிப்பதாகவும் சித்தி தயங்கித் தயங்கிச் சொன்னார். விசா விலக்கில் போய் அங்கே திருமணம் செய்ய முடியாது, திருமணத்துக்கான முன்னறிவிப்பைக்கூடக் கொடுக்க முடியாது. அதற்கென்று தனியாகத் திருமணப் பார்வையாளர் விசா இருக்கிறது. விசா தேவையில்லாத நாட்டவரும் அதை முன்கூட்டியே வாங்க வேண்டும். அதில் போய்த் திருமணம் முடித்தாலும் அங்கேயே தங்கிவிட முடியாது. பார்வையாளராகப் போனவர் அந்த நாட்டுக்குள் இருந்துகொண்டே துணைவர் விசாவுக்கு மாறவும் முடியாது. வெளியே வந்துதான் விண்ணப்பிக்க வேண்டும்.

துணைவர் விசாவுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 2012 முதல் ஆண்டுக்கு 18,600 பவுண்டாக இருந்ததை 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து நீ விண்ணப்பிக்கும்போது உன் மலேசியச் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது; அவருடைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். பொதுவாக அவர் ஒரே வேலையில் குறைந்தது ஆறு மாதம் இருந்து, அந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் பேசாமல் இருக்கக் கூடாது. உன்னவருக்கு இப்போது எவ்வளவு வருகிறது என்று நீ இதுவரை கேட்டிருக்கிறாயா? நாங்கள் இரண்டு ஆண்டு காதலித்த பிறகுதான் முதன்முதலாக அந்தப் பேச்சை எடுத்தோம். அப்போதுதான் அவர் சம்பளம் புதிய வரம்புக்கு இரண்டாயிரம் பவுண்டு குறைவு என்று தெரிந்தது. வேறு வேலை தேடி, அதில் ஆறு மாதம் முடிக்க ஓர் ஆண்டே கடந்துவிட்டது. முதல் பயணத்திலேயே பேசியிருந்தால் அந்த ஓர் ஆண்டு எங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

அந்த டிசம்பருக்குப் பிறகு நாங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். நான் ஈப்போவில் மறுபடியும் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் சேர்ந்தேன். 2024-இல் இரண்டு முறை மட்டும், ஒரு முறை இரண்டு வாரம், இன்னொரு முறை மூன்று வாரம் போனேன். அந்த ஆண்டு அவரும் இரண்டு முறை வந்தார். பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்கு நம் நாட்டில் 90 நாள் விசா தேவையில்லை. இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். எப்போதும் நாம்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம், அது ஏன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அவர் ஈப்போ பழைய நகரத்தில் காலை ஏழு மணிக்கு என் அப்பாவோடு உட்கார்ந்து வெள்ளைக் காப்பி குடித்த அந்த இரண்டு வாரத்தில்தான் அப்பாவின் மனம் இளகியது. நான் லண்டனில், அவருடைய ஹேரோவில் 220 நாள் இருந்தபோது நடக்காதது அது.

ஒவ்வொரு பயணத்திலும் ஒரு மெல்லிய கோப்பைக் கையில் வைத்திருந்தேன். திரும்பும் பயணச்சீட்டு, விடுப்பு முடிந்து எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புகிறேன் என்று முதலாளி எழுதிய கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அவருடைய முகவரியோடு அவர் கையொப்பமிட்ட கடிதம், அவ்வளவுதான். அசல் சான்றிதழ்களை அலமாரியில் பூட்டி வைத்தேன். அதிகாரி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், கேட்டதற்கு முழுதாகச் சொன்னேன். 2025 பிப்ரவரியில், அதே விமான நிலையத்தில், முன்பு நடந்த விசாரணையைப் பற்றி ஒருவர் கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன். இரண்டு நிமிடத்தில் முத்திரை விழுந்தது.

2025 மே மாதம் ஈப்போவில் எங்கள் திருமணத்தைப் பதிவு செய்தோம். காசநோய்ப் பரிசோதனை, ஆங்கிலத் தேர்வு, ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் முன்பணமாகக் கட்டும் மருத்துவக் கட்டணம் என்று செலவும் அலைச்சலும் குறைவில்லை. ஆனால் நாங்கள் இருவரும் நேரில் சந்தித்த உண்மையான இணைதான் என்பதைக் காட்ட வேண்டிய இடத்தில், அன்று அந்த அதிகாரி கூட்டிப் பார்த்த அதே முத்திரைப் பக்கங்களைத்தான் நகலெடுத்து இணைத்தேன். நவம்பரில் விசாவோடு லண்டனுக்கு வந்தேன். நீல நிறக் கோப்பையும் இம்முறை கொண்டு வந்தேன்.

உன் முதலாளியிடம் இன்னும் விலகல் கடிதம் கொடுக்கவில்லை என்று சித்தி சொன்னார். கொடுக்காதே. ஐந்து மாதத்தை மூன்று வாரமாக்கிப் பயணச்சீட்டின் திரும்பும் தேதியை மாற்று. அவர் சம்பளச் சீட்டைப் பற்றி நீங்கள் இருவரும் பேசி முடித்த அன்று என்னை அழை. இங்கே மாலை ஆறு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். உன்னவரை இந்த ஆண்டு ஒருமுறை கிள்ளானுக்கு வரச் சொல். சித்தி அவருக்காகப் பின்கட்டு அறைக்குப் புதிதாக வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறார், உனக்குத் தெரியுமா?

அன்புடன்,
அக்கா
ஹேரோ, லண்டன்