பருவ இறுதிக் கடிதம்: பெற்றோரின் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாக முடிந்தது. தேர்வுகள் குறித்தபடி நடந்தன, விடைத்தாள்களும் கொடுத்தாகிவிட்டது. விளையாட்டு விழாவிலும் ஓவியம், பேச்சுப் போட்டிகளிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அனைவருக்கும் பாராட்டுகள்.

அறிவியல் மன்றத்தின் வீட்டு விளக்குக் கணக்கெடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை சின்னதுதான். வீட்டில் எத்தனை விளக்கு, ஒவ்வொன்றும் எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்று நோட்டில் எழுதி வர வேண்டும். 60 வாட் குண்டு பல்பு தரும் ஏறத்தாழ 800 லூமன் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். அப்படி ஆறு குண்டு பல்புகள் தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் 1.8 யூனிட் ஆகும்; எல்.இ.டி. என்றால் 0.27 யூனிட். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் போட்டுக் காட்டியதும் பல வீடுகளில் உடனே விளக்கை மாற்றிவிட்டீர்கள். அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

ஆனால் கழற்றிய சி.எஃப்.எல். விளக்குகளும் டியூப்லைட்டுகளும் பள்ளிப் பையில் ஏறி வகுப்புக்கு வருகின்றன. மன்றத்தில் சேர்த்துவைப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அப்படி நாங்கள் கேட்கவில்லை. இவற்றுக்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடையாதவரை ஒன்றும் செய்யாது. உடைந்தால் அது ஆவியாகி அறைக் காற்றில் கலக்கும். 2027-ஆம் ஆண்டுக்குள் இவ்வகை விளக்குகளின் உற்பத்தியை நிறுத்துவதென்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் முடிவெடுத்ததும் இந்தப் பாதரசத்தால்தான்.

வீட்டில் ஒன்று உடைந்துவிட்டால் முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து உள்ளே போங்கள். துடைப்பம் வேண்டாம், அது தூளைப் பரப்பிவிடும். கையுறை போட்டுக்கொண்டு, தடித்த அட்டையால் சில்லுகளை வழித்தெடுங்கள். தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி, கடைசியில் ஈரத்தாளால் துடையுங்கள். எல்லாவற்றையும் மூடி கொண்ட பாட்டிலில் போட்டு மூடுங்கள். உடைந்ததோ உடையாததோ, சாதாரணக் குப்பையோடு போடாமல் மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

அடுத்தது, விளக்கை மாற்றுவது யார் என்பது. நோட்டில் ஒட்டி வந்த படங்களில் ஒன்றில், கட்டில் மேல் நாற்காலி போட்டு அதன் மேல் மாணவர் நிற்கிறார். ஒரு கை ஹோல்டரில் இருக்கிறது. சுவிட்சை அணைத்திருப்பார்கள்தான். ஆனால் வயரிங் மாறியிருந்தால் சுவிட்ச் துண்டிப்பது நியூட்ரலை (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியை). ஹோல்டரில் பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) அப்படியே இருக்கும். அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக எரிகிறதா? இது ஒரு காரணமாக இருக்கலாம் (சுவிட்சில் உள்ள சின்ன இண்டிகேட்டர் விளக்காலும் அப்படி எரியும்). எதுவானாலும் மெயினை அணைக்காமல் ஹோல்டரைத் தொடக் கூடாது.

டியூப்லைட் இன்னும் சிக்கல். எல்.இ.டி. டியூபில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பேஸும் நியூட்ரலும் ஒரே முனையில் வரும். மற்றதில் ஒரு முனைக்குப் பேஸ், மறுமுனைக்கு நியூட்ரல். இரண்டாவது வகையில் ஒரு முனையை மாட்டியதும் மறுமுனைப் பின்னில் மின்சாரம் வந்து நிற்க வாய்ப்புண்டு. முதல் வகையைத் திருப்பி மாட்டினால் ஷார்ட் ஆகலாம். உறையில் உள்ள வயரிங் படம் சொல்கிறபடி ஸ்டார்ட்டரை எடுக்க வேண்டும், சோக்கையும் விலக்க வேண்டியிருக்கும். தெரிந்த எலெக்ட்ரீஷியனுக்கு இது சிறிது நேர வேலை.

வாங்கிய எல்.இ.டி. சீக்கிரமே போய்விட்டது என்று எழுதியிருந்தவர்களுக்கு: ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போனால் ஹோல்டரைப் பாருங்கள். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, உலோக முள் கருகியிருந்தால் ஹோல்டரையே மாற்றுங்கள். காற்றுப் புகாத மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மாட்டினாலும் சூடேறி, பல்புக்குள் இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று போய்விடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மரில் மாட்டினால் படபடக்கும். டிம்மருக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருக்கும் பல்பே அங்கே சரிப்படும்.

இனி, கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டியது. எந்தக் கண்ணாடி விளக்கையும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பாதீர்கள். மீறி வந்தால் வகுப்பறைக்குள் விடமாட்டோம். பெற்றோர் நேரில் வந்து எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். பிள்ளைகள் விளக்கை மாற்றுகிற படங்களுக்கு மதிப்பெண் கிடையாது. ‘என் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்’ என்பதை இந்த விஷயத்தில் எங்களால் ஏற்க இயலாது. அவர்களின் வேலை எண்ணுவதும் எழுதுவதும் மட்டுமே.

ஆர்வம் மிகுந்துதான் இப்படி நடந்தது என்பது தெரியும். இரவு வேலை முடிந்து வந்தும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு பல்பின் வாட்டையும் படித்துச் சொல்லியிருக்கிறீர்கள். நோட்டுகளைப் பார்த்தாலே தெரிகிறது. அதற்கு ஆசிரியர்கள் அனைவரின் சார்பிலும் மனமார்ந்த நன்றி. விடுமுறையை நல்லபடியாகக் கழியுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: பலர் லூமன் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். அந்த எண் பல்பின் அட்டைப்பெட்டியில், வாட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டவர்கள் வாட்டை மட்டும் எழுதினால் போதும். லூமனைக் காண பல்பைக் கழற்ற வேண்டாம்.