பிரசங்க பீடத்தில் நிற்கப்போகும் மகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மாவின் வாழ்த்துகள். இனி வாரந்தோறும் பிரசங்கம் உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். கூடவே, சனிக்கிழமை ராத்திரி வந்தால் வயிற்றைக் கலக்குகிறது, என்ன பேசுவதென்றே தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். அப்பா இருந்திருந்தால் அவரிடம் கேட்டிருப்பாய். நான் பிரசங்கம் செய்தவள் இல்லை. ஆனால் ஒருவர் அதைத் தயாரிப்பதை வீட்டிலேயே பார்த்தவள், பலர் பேசியதைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவள். கேட்கிறவர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்தச் சனிக்கிழமையை விடு. திங்கட்கிழமையே வேதபகுதியை முடிவு செய்துவிடு. அப்பா அன்றைக்கு விளக்கவுரை எதையும் தொடமாட்டார். நின்றுகொண்டு, பகுதியைச் சத்தமாக வாசிப்பார். மறுநாளும் அப்படியே. பழைய டைரி ஒன்றில் கேள்விகளை மட்டும் குறித்து வைப்பார். யார் யாரிடம் பேசுகிறார்? இதற்கு முன்னால் என்ன நடந்தது? எந்த இடத்தில் எனக்கு இடிக்கிறது?

லூக்கா 15-ஐ எடுத்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கெட்ட குமாரன் கதை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். முதல் இரண்டு வசனத்தை வாசித்துப் பார் என்றார். வரி வசூலிக்கிற ஆயக்காரரும் பாவிகளும் இயேசுவிடம் வருகிறார்கள், மதத்தலைவர்களான பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுக்கிறார்கள். கதை அந்த முறுமுறுப்புக்குச் சொன்ன பதில். அப்படியானால், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்கு விருந்து வைத்ததால் வீட்டுக்கு வெளியே கோபத்தோடு நிற்கிற மூத்தவன் யார்? தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஜெபிக்கலாம் என்றார். பின்பெஞ்சில் ஒரு பெரியவர், "அவ்வளவுதானா?" என்று காதில் விழும்படியே கேட்டார். ஆனால் அடுத்த வாரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு நல்ல கதையோ கருத்தோ கிடைத்துவிடும், அப்புறம் அதற்கு வசனம் தேடுவார்கள். கையில் கிடைத்த பொத்தானுக்காகச் சட்டை தைக்கிற கதைதான். எரேமியா 29:11-ஐ எத்தனை பேர் எடுக்கிறார்கள் பார்! சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று சொல்லி, இந்த மாதமே எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல முடித்துவிடுவார்கள். அது பாபிலோனில் சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு வந்த கடிதம். முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. சீக்கிரம் தீராத கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேண்டுமா? மேலே கீழே வாசிக்காததால் அதைச் சபைக்குக் கொடுக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வியாழக்கிழமைக்குள் உன் பிரசங்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார். வரவில்லையென்றால் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். வந்துவிட்டால், அதோடு சேராத எதையும் டைரியிலேயே விட்டுவிடு, எவ்வளவு அருமையாக இருந்தாலும் சரி. விளக்கவுரைகளை அதற்கப்புறம் பார்த்தால் போதும். நீ தப்பான பாதையில் போயிருந்தால் அவை இழுத்துப் பிடிக்கும்.

உதாரணக் கதைகள் விஷயத்தில் மட்டும் ரொம்பவே கவனம் தேவை. கழுகு 40 வயதில் மலைமேல் போய் அலகை உடைத்து, இறகுகளைப் பிடுங்கி, புதுசாக முளைத்த பின் இன்னும் 30 வருஷம் வாழும் என்று சொல்வதைக் கேட்டிருப்பாய். அது கட்டுக்கதை. அலகு இல்லாத கழுகு பட்டினியில் செத்துப்போகும். இறகுகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உதிர்ந்து முளைக்கும். கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள் என்கிற ஏசாயா 40:31-க்கு இந்தக் கதை தேவையே இல்லை. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொன்னாரே, அந்த ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சிறிய வாசல் என்பதும் அப்படித்தான். அதற்கு ஆதாரம் கிடையாது. ஒட்டகம் முழங்காலிட்டு நுழைந்துவிடும் என்று சொல்லிவிட்டால், அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும் என்று சீஷர்கள் திகைத்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். கதை பொய் என்று தெரிந்த ஒரு பிள்ளை பெஞ்சில் இருந்தால், அவன் நீ சொல்லும் மற்றதையும் சந்தேகிப்பான்.

ஜெபத்துக்காக உன்னிடம் ஒருவர் சொன்னது பீடத்துக்கு வரவே கூடாது. பெயரைச் சொல்லாவிட்டாலும் சபையில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். அதேபோல, ஆராதனைக்கு வராதவர்களுக்கான திட்டை வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் தலையில் கொட்டாதே.

எழுதி வாசிப்பதா, குறிப்பு போதுமா என்று கேட்டிருந்தாய். அந்தக் காலத்து லண்டன் பிரசங்கியார் ஸ்பர்ஜன் சின்னக் குறிப்போடுதான் பீடம் ஏறுவாராம். ஆனால் அவர் வீட்டில் சுமார் 12,000 புத்தகங்கள் இருந்தன, அதையும் சேர்த்துப் பார். நீ இப்போதைக்கு முழுசாக எழுது. பீடத்துக்குக் குறிப்பை எடுத்துக்கொண்டு போ. முதல் இரண்டு நிமிடமும் முடிவும் மட்டும் வரிக்கு வரி தெரிந்திருக்கட்டும். தயாரிக்க நேரமில்லை என்று ஆரம்பிக்காதே. கடைசியாக என்று ஒரு தடவை சொன்னால் முடித்துவிடு. மூன்றாவது "கடைசியாக" வரும்போது நாங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்போம்.

அப்புறம் குரல். மைக் இருக்கும்போது கத்த வேண்டியதில்லை. கத்தினால் சத்தம்தான் வரும், சொல் வராது. அதைவிட முக்கியமானது, நம் பேச்சில் வினை கடைசியில் வருகிறது. உனக்கோ வாக்கியம் முடியும்போது குரல் இறங்கிவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காது மந்தமான ஒரு பாட்டிக்கு "கர்த்தர் உன்னைக் கைவிட" வரைக்கும் கேட்டு, "மாட்டார்" கேட்காமல் போனால் என்ன ஆகும்? பின்வரிசையில் ஒரு ஆளை உட்காரவைத்துப் பேசிப் பழகு. வேதபகுதியையும் அப்படியே வாசித்துப் பழகு. பெயர்களில் தடுமாறி அவசரமாக வாசிப்பவரைப் பார்த்தால், வசனத்தைவிடத் தன் பேச்சுதான் அவருக்குப் பெரிசு என்று எனக்குத் தோன்றும்.

பயம் போகாது. கொரிந்தியரிடம் பவுல் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்தான் இருந்தார். அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. முந்தின ராத்திரி நேரத்தோடு தூங்கு.

ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது "நல்ல செய்தி" என்பார்கள். நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடு. இரண்டு நாள் கழித்து யாராவது ஒருவரிடம் என்ன நினைவிருக்கிறது என்று கேள். அவர் சொல்வதும் நீ எழுதிய அந்த ஒரு வாக்கியமும் ஒத்துப்போகிறதா என்று பார்.

வருகிற ஞாயிறுக்கு எந்தப் பகுதி என்று உடனே எழுது. நானும் இங்கே சத்தமாக வாசித்து, எனக்கு இடிக்கிற இடத்தைக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா