தோள் அறுவைக்குப் பின் முதல் இரவு

ஆசிரியருக்கு வணக்கம்.

தோள்பட்டை அறுவைக்காகக் கழுத்தில் போடப்படும் நரம்புத் தடுப்பு ஊசி மிக நல்ல வலி நிவாரணம். அது எப்போது தீரும் என்று சொல்லாமலே நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதுதான் கவலை தருகிறது.

கைக்குப் போகும் நரம்புக் கற்றை, கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு தசைகளுக்கு நடுவே இறங்குகிறது. அல்ட்ராசவுண்ட் திரையில் அதைப் பார்த்துக்கொண்டே புபிவகைன் அல்லது ரோபிவகைன் என்ற மரக்கச்செய்யும் மருந்தைச் செலுத்துவார்கள். ஒருமுறை போட்டால் பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம் தாங்கும். காலை 9 மணிக்குப் போட்டது இரவு 9 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் இடையே தீரும். வலி தெரியவில்லையே என்று மாத்திரையை ஒதுக்கிவிட்டுத் தூங்கியவர் நள்ளிரவில் துடித்து எழுவது இதனால்தான். வலி உச்சத்துக்கு ஏறியபின் விழுங்கும் மாத்திரை வேலை செய்ய அரை மணிக்கு மேல் ஆகும். அப்போதும் முழுதாக அடங்காது.

ஆகவே கை மரத்திருக்கும்போதே மாத்திரையைத் தொடங்க வேண்டும். விரல்களில் குறுகுறுப்பு வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பெரியவர்களுக்குப் பொதுவாகப் பாராசிட்டமால் 1 கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் அளவு இன்னும் குறையும். இபுபுரோஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகக் கோளாறும் வயிற்றுப்புண்ணும் உள்ளவர்களுக்கு ஆகாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்து பக்கத்து நரம்புகளுக்கும் பரவுவதால் அதே பக்கத்துக் கண் இமை தொங்கலாம், குரல் கம்மலாம். மருந்து தீர்ந்ததும் இவை சரியாகிவிடும். மூச்சுவிட உதவும் தசையான உதரவிதானத்தின் ஒரு பாதியும் தற்காலிகமாகச் செயலிழக்கும். 20 மில்லி மருந்து போட்டால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே இது நேரும். நல்ல நுரையீரல் உள்ளவர் பெரும்பாலும் உணரமாட்டார். தீவிர நுரையீரல் நோய் உள்ளவருக்கோ இதுவே ஆபத்து. அளவை 5 மில்லிக்குக் குறைத்தால் பாதிப்பு குறையும், ஒழியாது. இவர்களுக்குத் தோளுக்கு அருகிலுள்ள நரம்புகளில் தனித்தனியே ஊசி போடலாம். வீட்டில் யாருக்கேனும் மூச்சுத்திணறல் கூடினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மரத்த கைக்குச் சூடோ அழுத்தமோ தெரியாது. கையைத் தாங்கும் தூளியைக் கழற்றாமல், முழங்கைக்கு அடியில் தலையணை வைத்து, சாய்ந்த நிலையில் தூங்குவது நல்லது. வெந்நீர் ஒத்தடம் கூடாது.

வீடு திரும்பும்போது தரும் தாளில் நான்கு வரி போதும்: ஊசி போட்ட நேரம், அது தீரக்கூடிய நேரம், முதல் மாத்திரைக்கான நேரம், இரவிலும் எடுக்கப்படும் தொலைபேசி எண். 48 மணி நேரத்துக்குப் பிறகும் மரப்போ பலவீனமோ நீடித்தால் அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் அதன் அடியிலேயே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
மயக்கவியல் மருத்துவர் ஒருவர்