வெள்ளிக்கிழமை மாத்திரை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தம்பி பேரன் கவின் எங்கள் வீட்டில் இருக்கிறான், அதனால்தான் தாமதம். போன வருடம் ரத்தப் புற்றுநோய் என்று எழுதியிருந்தேனே, அவன்தான். ஊசிக் காலம் முடிந்து இப்போது மாத்திரைக் காலம். வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் மெத்தோட்ரெக்ஸேட், 2.5 மில்லிகிராம் மாத்திரை ஆறு. குட்டியாக, மஞ்சளாக இருக்கும். உள்ளங்கையில் வைத்து அவனே எண்ணுவான். வாரம் ஒருமுறை போடவேண்டியதைத் தெரியாமல் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் காலண்டரில் வெள்ளிகளை எல்லாம் சிவப்பால் வட்டமிட்டிருக்கிறேன்.

"இத யாரு அத்தப்பாட்டி கண்டுபிடிச்சா?" என்று போன வாரம் கேட்டான். தேடிப் படித்தேன். எல்லப்பிரகட சுப்பாராவ் என்ற பெயரைப் பார்த்ததும் மனசு நம் செய்முறை வகுப்புக்கே போய்விட்டது. ஃபிஸ்கே-சுப்பாராவ் முறையில் பாஸ்பரஸ் அளப்போமே, அதே சுப்பாராவ்! மாலிப்டேட் கரைசல் விட்டு, நீலம் வரவைக்கும் ஏஎன்எஸ்ஏ விட்டு, பத்து நிமிடம் காத்திருந்தால் குழாய்கள் வெளிர்நீலத்திலிருந்து அடர்நீலம்வரை வரிசையாக நிற்கும். உன் வரிசை எப்போதும் படிக்கட்டு மாதிரி அழகாக இருக்கும். ரெக்கார்டு நோட்டில் எத்தனை தடவை அந்தப் பெயரை எழுதியிருப்போம்! அவர் நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்று அன்றைக்கு நமக்குத் தெரியாது.

1895இல் பீமவரத்தில் பிறந்தவர். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்தி அறுவை வகுப்புக்குப் போய், பேராசிரியரின் கோபத்தால் எம்பிபிஎஸ் கிடைக்காமல் அதைவிடக் கீழான எல்எம்எஸ் பட்டத்தோடு வெளியே வந்தார். உடன்பிறந்த இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தார். அப்புறம் அமெரிக்கா. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அந்த நீல நிற முறை, செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி என்று அவ்வளவு செய்தும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

அங்கே அவர் குழு ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, கோமதி. பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதே சத்து லுகேமியாவை, அதாவது ரத்தப் புற்றுநோயை, வளர்க்கிறது என்று சந்தேகப்பட்டார். சரி, அதைத் தடுத்துப் பார்ப்போம் என்று சுப்பாராவ் குழு அமினோப்டெரினைச் செய்து கொடுத்தது. உருவத்தில் ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும். நொதி அதைப் பிடித்துக்கொண்டு விடாது, டிஎன்ஏ கட்டச் சரக்கு கிடைக்காமல் செல் பெருகுவது நின்றுவிடும். 1948 ஜூனில் ஃபார்பர் எழுதிய கட்டுரையில் 16 குழந்தைகள். 10 பேருக்கு நோய் கொஞ்ச காலமாவது தணிந்தது. அதற்கு முன்னால் அந்த நோய்க்கு அப்படியொரு மருந்தே கிடையாது. கவினின் மஞ்சள் மாத்திரை அமினோப்டெரினின் உடன்பிறப்பு.

அதே வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார், 53 வயது. கப்பலேறியவர் ஊருக்குத் திரும்பவேயில்லை. மனைவியை மறுபடி பார்க்கவுமில்லை. அந்த அம்மாளை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

உங்கள் கும்பகோணத்தில் வீடு வீடாகக் கொடுத்தார்களே யானைக்கால் மாத்திரை, டிஇசி, அதுவும் அவர் குழு தந்ததுதான்.

அடுத்த புதன் கவினுக்கு ரத்தப் பரிசோதனை. உன் ரெக்கார்டு நோட்டு இன்னும் இருந்தால், பாஸ்பரஸ் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. அந்த நீலம் எப்படி இருக்கும் என்று தினமும் கேட்கிறான்.

அன்புடன்,
வசந்தா