மாணவர்கள் செயற்கை நுண்ணறிவை நாடுவது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப்பாடங்களையும் ஒப்படைப்புகளையும் மாணவர்கள் சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு எழுதுவது குறித்து எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெற்றோர் பலரும் கவலையோடு பேசுகின்றனர். அந்தப் பேச்சு பெரும்பாலும் பிள்ளைகளின் சோம்பலைக் குறை கூறுவதிலேயே முடிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்திய எனக்கு இது ஏற்புடையதாக இல்லை.

புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பதற்கு, அது தமக்குப் பயன்படும் என்ற எண்ணமும் அதைக் கையாள்வது எளிது என்ற எண்ணமுமே முதன்மைக் காரணங்கள் என்று 1989-இல் பிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். சுற்றியிருப்போரின் தாக்கத்தையும் உரிய வசதிகள் கிடைப்பதையும் 2003-இல் விஸ்வநாத் வெங்கடேஷும் அவருடன் ஆய்வு செய்தோரும் இவற்றோடு சேர்த்தனர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின்னர் இந்நான்கும் நம் பிள்ளைகளுக்கு ஒருசேர அமைந்துவிட்டன. கைப்பேசியும் இணையமும் கொரோனா காலத்து இணையவழி வகுப்புகளின்போதே பல வீடுகளுக்குள் வந்துவிட்டன; தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை வருகிறது; ஒரு மாணவர் பயன்படுத்தினால் வகுப்பின் வாட்ஸ்அப் குழு வழியாக மற்றவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது.

இவற்றைவிட வலுவானதாக நான் கருதும் காரணம், இரவில் கணக்கில் ஓர் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை என்பதே. குலசேகரம், அருமனை பகுதிகளில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குச் செல்ல வேண்டிய பெற்றோர் முன்னிரவிலேயே உறங்கிவிடுகின்றனர். கடற்கரை ஊர்களில் தந்தை ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கிறார். வேறு பல வீடுகளில் அவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் முதலிடத்தைப் பெற்ற இம்மாவட்டத்தில் மதிப்பெண்ணின் மீதான எதிர்பார்ப்பும் மிகுதி. டியூஷனுக்குப் பணம் கட்ட இயலாத பிள்ளை, எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் விடை சொல்லும் செயலியை நாடுவதில் வியப்பில்லை. அந்த விடை தவறாகவும் இருக்கக்கூடும் என்பதை அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லவும் அருகில் எவரும் இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

பள்ளிகள் தரும் வேலையின் தன்மையும் மாற வேண்டும். அணைகளின் பயன்களைப் பற்றி ஐந்து பக்கம் எழுதி வரச் சொன்னால் செயலி நொடிப்பொழுதில் எழுதித் தந்துவிடும். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் உங்கள் ஊர்க் கால்வாயை எப்போது எட்டுகிறது, கும்பப்பூ எனும் இரண்டாம் போக நெல் விளைந்த, கால்வாயின் கடைசியில் உள்ள கடைவரம்பு வயல்களில் இப்போது என்ன பயிராகிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொன்னால், மாணவர் நடந்து சென்று விசாரித்தே ஆக வேண்டும். எழுதியதைப் பற்றி வகுப்பில் இரண்டு கேள்விகள் வாய்மொழியாகக் கேட்டாலே அவருடைய புரிதல் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். செயலியை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதையும் ஒவ்வோர் ஒப்படைப்பிலும் வெளிப்படையாகக் குறிப்பிடலாம். வெறும் தடை, பயன்பாட்டை மறைக்கவே பழக்கும்.

கிளை நூலகங்களில் மாலை நேரத்தில் மாணவரின் ஐயங்களைத் தீர்க்க ஓய்வுபெற்ற ஆசிரியர்களை அனுமதிக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஊதியம் எதிர்பாராமல் வருவதற்கு நான் ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.