டங்கனுக்கு 12ஆம் இடமா? எந்தக் கணக்கு இது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப்களின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று இருபது பேரை வரிசைப்படுத்தியிருந்தீர்கள். கிரிக்கெட் நிரம்பி வழியும் விளையாட்டுப் பக்கங்களில் கூடைப்பந்துக்கு இவ்வளவு இடம் கிடைத்ததே சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் டிம் டங்கனை 12ஆம் இடத்தில் பார்த்ததும் அடுத்த பக்கம் புரட்ட மனசு வரவில்லை. கட்டுரையாளர் எடுத்துக்கொண்ட அளவுகோல் இரண்டுதான்: ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி, மொத்தம் எத்தனை கோப்பை. டங்கனின் பிளேஆஃப் சராசரி 20.6, கோப்பை 5. மைக்கேல் ஜோர்டானுக்கு 33.4, கோப்பை 6. சரி, ஜோர்டான் மேலே இருப்பதில் எனக்கும் வழக்கு இல்லை. ஆனால் இதே அளவுகோலை வேறு இரண்டு பேரிடம் வைத்துப் பாருங்கள். 11 கோப்பை வாங்கிய பில் ரஸ்ஸலின் பிளேஆஃப் சராசரி 16.2, ஒரு கோப்பையும் வாங்காத ஆலன் ஐவர்சனுடையது 29.7. இரண்டு அளவுகோலும் இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது எதற்கு எவ்வளவு எடை கொடுத்தார் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே ஐயா.

சராசரிப் புள்ளியில் பெரிய சிக்கல், எல்லாக் காலத்திலும் ஆட்டம் ஒரே வேகத்தில் நடந்தது என்று அது நினைத்துக்கொள்வது. 2002-03 சீசனில் என்பிஏ அணி ஒன்று ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரி 95.1 புள்ளி. 2022-23இல் அது 114.7. இடையில் மூன்று புள்ளி ஷாட்கள் பெருகின, பந்தை மேலே கொண்டுபோகும் வேகமும் கூடியது. 2003 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் நியூ ஜெர்சி நெட்ஸ் 77-76 என்று டங்கனின் அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸை ஜெயித்தது, இன்றைக்கு அந்த 77ஐ மூன்றாவது குவார்ட்டரிலேயே, அதாவது ஆட்டத்தின் முக்கால் பங்குக்குள்ளேயே, தாண்டிவிடும் அணிகள் இருக்கின்றன. டெஸ்டில் அடித்த 40ஐயும் டி20யில் அடித்த 40ஐயும் ஒன்றாகக் கூட்டி யாராவது பட்டியல் போட்டால் நம் வாசகர்கள் சும்மா விடுவார்களா? இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. பந்து ஓர் அணியின் கைக்கு வந்து, ஷாட் போட்டோ பறிகொடுத்தோ எதிரணிக்குப் போகும்வரை ஒரு போசெஷன். 100 போசெஷனுக்கு எத்தனை என்று கணக்கிட்டால் வேக வித்தியாசம் பெருமளவு அடிபட்டுப் போகும். அதைக்கூடச் செய்யாமல் ஒரு வரிசை எண் கொடுப்பது அவசரம்.

இப்போது 2003க்கு வருகிறேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான். அந்த வருட ஸ்பர்ஸ் அணியில் டேவிட் ராபின்சனுக்கு 37 வயது, அதுவே அவருக்குக் கடைசி சீசன். டோனி பார்க்கர் பிளேஆஃப் நடந்துகொண்டிருந்தபோதுதான் 21 வயதைத் தொட்டார். மனு ஜினோபிலிக்கு என்பிஏவில் அது முதல் வருடம். அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர்களில் டங்கனுக்கு அடுத்து வந்த பார்க்கரின் பிளேஆஃப் சராசரி 15ஐத் தொடவில்லை. இவர்களை வைத்துக்கொண்டு டங்கன் 24 ஆட்டங்களில் சராசரியாக 24.7 புள்ளி, 15.4 ரீபவுண்ட், 5.3 அசிஸ்ட், 3.3 பிளாக் எடுத்தார் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது ரீபவுண்ட், சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கக் கொடுக்கும் பாஸ் அசிஸ்ட், எதிராளியின் ஷாட்டைக் கையால் தடுப்பது பிளாக்). அதற்கு முந்தைய மூன்று வருடமும் சாம்பியனாக இருந்த ஷக்கீல் ஓ'நீல், கோபி பிரயன்ட்டின் லேக்கர்ஸை வழியிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் டங்கன் எடுத்தது 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 8 பிளாக். இன்னும் இரண்டு பிளாக் கிடைத்திருந்தால் நான்கு பிரிவிலும் இரட்டை இலக்கம், இறுதித் தொடரில் யாரும் செய்யாதது. கட்டுரையில் 2003 பற்றி வந்தது 'கோப்பை வென்றார்' என்ற இரண்டு சொல்.

வெற்றிகளை ஆட்டக்காரர்களுக்குப் பங்கு பிரித்துத் தரும் வின் ஷேர் என்ற கணக்கு ஒன்று உண்டு. அதில் டங்கனின் 2003 பிளேஆஃபுக்குக் கிடைத்தது 5.9. அணி பெற்ற 16 வெற்றியில் கிட்டத்தட்ட ஆறு ஒருவர் கணக்கில்! இதைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம், வாதம் முடிந்துவிடும். ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் நான் கட்டுரையாளர் செய்ததையே செய்தவன் ஆவேன். இது கூட்டிக்கொண்டே போகும் கணக்கு, ஆட்டம் கூடினால் எண்ணும் கூடும். முதல் சுற்றுத் தொடரின் அதிகபட்ச ஆட்டம் ஐந்திலிருந்து ஏழாக மாறியது, அதாவது தொடரை ஜெயிக்க மூன்றுக்குப் பதில் நான்கு வெற்றி வேண்டும் என்று ஆனது, 2003இல்தான். ஸ்பர்ஸ் அந்த வருடம் நான்கு தொடரையும் 4-2 என்றே முடித்தது. 2001இல் லேக்கர்ஸ் 15 வெற்றி ஒரு தோல்வி என்று 16 ஆட்டத்தில் வேலையை முடித்துவிட்டது, ஓ'நீல் சராசரியாக 30.4 புள்ளியும், டங்கனைப் போலவே, 15.4 ரீபவுண்டும் எடுத்தார். சீக்கிரம் ஜெயித்த குற்றத்துக்காக அவருக்கு எட்டு ஆட்டம் குறைவு. ஆகவே 5.9 என்று மட்டும் எழுதினால் போதாது, பக்கத்தில் ஆட்டமும் நிமிடமும் வேண்டும்.

அடுத்தது, ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி எவ்வளவு முந்துகிறது, பெஞ்சில் உட்காரும்போது எவ்வளவு பிந்துகிறது என்று பார்க்கும் பிளஸ்-மைனஸ். கேட்க அருமையாக இருக்கும். தாக்கம் என்றால் இதுதானே என்று தோன்றும். ஆனால் 2003இல் டங்கன் ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 42 நிமிடம் ஆடினார். ஆட்டமே 48 நிமிடம். 24 ஆட்டத்திலும் அவர் உட்கார்ந்திருந்த நேரம் எல்லாவற்றையும் சேர்த்தால் மூன்று முழு ஆட்டம்கூடத் தேறாது. அந்தக் கொஞ்ச நேரத்தில் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் மூன்று ஷாட் தவறவிட்டால் டங்கன் தெய்வமாகிவிடுவார், போட்டுவிட்டால் சாதாரண மனிதராகிவிடுவார். நட்சத்திரம் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு குறைவாக உட்காருவார், அவ்வளவுக்கு இந்த எண் ஆட்டம் காணும். பல வருடப் பிளேஆஃப்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு நம்பலாம், ஒரு வருடத்தை வைத்துப் பேசுவது கஷ்டம்.

2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டங்கன் 30 புள்ளி, 17 ரீபவுண்ட். அரை நிமிடம்கூட இல்லை, ஸ்பர்ஸ் 5 புள்ளி முன்னால். எதிரணியான மியாமி மூன்று புள்ளி ஷாட்தான் போடும் என்று பயிற்சியாளர் கிரெக் பொப்பொவிச் உயரமான டங்கனை வெளியே எடுத்து, ஓடித் தடுக்கக்கூடிய ஆட்களை உள்ளே விட்டார். முன்னிலை மூன்றாகக் குறைந்த பிறகு மியாமியின் லெப்ரான் ஜேம்ஸ் போட்ட ஷாட் தவறி, ரீபவுண்ட் கிறிஸ் பாஷ் கையில் விழுந்து, மூலைக்கு ஓடிய ரே ஆலனிடம் போனது; 5.2 விநாடி இருக்கும்போது சமன். கூடுதல் நேரத்தில் தோல்வி, ஏழாவது ஆட்டமும் போனது. கோப்பைக் கணக்கில் டங்கனுக்கு ஒன்று குறைந்தது. பிளஸ்-மைனஸ் கணக்கிலோ அவர் இல்லாதபோது அணி சறுக்கியதால் அவர் மதிப்பு கூடியது! அவர் பெஞ்சிலிருந்து வேடிக்கை பார்த்த அதே சில விநாடிகளுக்கு ஒரு கணக்கு தண்டனையும் இன்னொன்று பரிசும் கொடுக்கிறது.

எதிர்ப் பக்கமும் உண்டு. 2003 லேக்கர்ஸ் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஸ்பர்ஸ் 25 புள்ளி முன்னிலையைக் கரையவிட்டது. கடைசியில் லேக்கர்ஸின் ராபர்ட் ஹாரி போட்ட மூன்று புள்ளி ஷாட் வளையத்துக்குள் போய் வெளியே வந்தது, ஸ்பர்ஸ் 96-94 என்று தப்பித்தது. அது விழுந்திருந்தால் தொடரில் லேக்கர்ஸ் 3-2 முன்னிலை, நான் மேலே வியந்து எழுதிய இறுதித் தொடரே நடக்காமல் போயிருக்கலாம். டங்கன் அதுவரை ஆடியதில் அதனால் ஓர் அணுவும் மாறியிருக்காது. 2006இல் டல்லஸிடம் ஏழாவது ஆட்டத்தில், அதுவும் கூடுதல் நேரத்தில், தோற்றபோது அவர் எடுத்தது 41 புள்ளி, 15 ரீபவுண்ட். கோப்பை இல்லாததால் கட்டுரைக்கு அந்த வருடமே கிடையாது. ஜோர்டானுக்கும் இதே அநியாயம்தான். அவருடைய முதல் மூன்று பிளேஆஃப்களில் அவர் அணியான சிகாகோ ஆடிய பத்தில் ஒன்பதைத் தோற்றது, 1986இல் பாஸ்டனுக்கு எதிராக அவர் 63 புள்ளி எடுத்த ஆட்டமும் அந்த ஒன்பதில் ஒன்று.

தற்காப்பு விஷயத்தில் எண்கள் இன்னும் ஊமை. 2003இன் அதே ஆறாவது ஆட்டத்தில் நெட்ஸின் கென்யன் மார்ட்டின் 23 ஷாட் முயன்றதில் மூன்றே மூன்றுதான் வளையத்தில் விழுந்தன. அவருக்கு உடம்பு சரியில்லை என்றும் பேச்சு. அந்த 20 தவறுகளில் எத்தனை, உள்ளே நின்ற டங்கனின் கைக்குப் பயந்து அவசரமாகப் போட்டவை? ஸ்கோர் ஷீட்டில் அதற்குக் கட்டமே இல்லை, 8 பிளாக் மட்டும் இருக்கிறது. ரஸ்ஸலுக்கு அதுவும் இல்லை. என்பிஏ பிளாக்கையும், எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும் ஸ்டீலையும் எண்ணத் தொடங்கியது 1973-74இல், அவர் ஓய்வு பெற்று நான்கு வருடம் கழித்து. தற்காப்புக்காகவே பேர் வாங்கியவரைப் புள்ளிச் சராசரியில் நிறுத்துப் பார்க்கிறோம்.

புள்ளிவிவரமே வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும் என்று பேசும் கூட்டத்தில் நான் இல்லை. அவர்களிடம் மாட்டினால் கடைசி விநாடி ஷாட் போட்டவர்கள் மட்டும்தான் பட்டியலில் இருப்பார்கள். நான் கேட்பது, அடுத்த முறை வரிசை போடும்போது 100 போசெஷன் கணக்கு, ஆடிய நிமிடம், எதிரணியின் தற்காப்புத் தரம் ஆகிய மூன்று பத்திகளைச் சேருங்கள். தோற்ற தொடர்களையும் கூட்டுங்கள். முக்கியமாக, எதற்கு எத்தனை சதவீத எடை என்று கட்டுரையாளர் வெளிப்படையாக எழுதட்டும், பிறகு சண்டை போடுவதற்கு எங்களுக்கும் வசதியாக இருக்கும். இடம் போதாது என்றால் இருபது பேரைப் பத்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துக்குள்ளும் டங்கன் வரவில்லை என்றால் இன்னொரு கடிதம் வரும், இதைவிட நீளமாக.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வாசகர்